புது க்ரைம் எழுத்தாளரை எந்த நாவலில் தொடங்குவது?

அன்புத் தம்பிக்கு,

இந்த ஆண்டு முழுக்க, இதுவரை தொடாத க்ரைம் எழுத்தாளர்களாகப் பார்த்துப் படிக்கப் போவதாக எழுதியிருந்தாய். மாதத்துக்கு ஒருவர் போதும். யாரைப் படிப்பது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. அவருடைய எந்த நாவலில் தொடங்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நல்ல எழுத்தாளரைத் தொடரின் நடுவில் பிடித்து, பிடிபடாமல் மூடி வைத்துவிட்டால், அவரிடம் திரும்பிப் போவது அபூர்வம்.

மொழிபெயர்ப்பு நாவல் கைக்கு வந்ததும் காப்பிரைட் பக்கத்தைப் பார். மூலத் தலைப்பும் மூல நூல் வெளியான ஆண்டும் அங்கே இருக்கும். ஆங்கிலத்தில் வந்த வரிசைதான் எழுதப்பட்ட வரிசை என்று நினைத்துவிடாதே. ஜோ நெஸ்போவின் ஹாரி ஹோல் என்ற போலீஸ் துப்பறிவாளர் தொடர் நார்வேயில் 1997-இல் தொடங்கியது. ஆங்கிலத்துக்கு முதலில் வந்ததோ ஐந்தாவது நாவல், 2005-இல். மூன்றாவது 2006-இல் வந்தது. முதல் நாவல் 2012-இல்தான். மூன்று, நான்கு, ஐந்து ஆகியவை ஒரே சரடு. ஹாரிக்குத் தெரியாத ஓர் உண்மை மூன்றாவது நாவலிலேயே நமக்குத் தெரிந்துவிடும். ‘இவன் எப்போது கண்டுபிடிப்பான்’ என்ற பதைப்பு ஐந்தாவது வரை நம்மை இழுத்துப்போகும். ஐந்தில் தொடங்கியவருக்கு அந்தப் பதைப்பே கிடைக்காது. நீ மூன்றில் தொடங்கு. ஆஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் நடக்கும் முதல் இரண்டையும் பிறகு படித்தாலும் பாதகமில்லை.

டானா ஃப்ரெஞ்சின் டப்ளின் தொடர் வேறு மாதிரி. ஒரு நாவலில் துணைப் பாத்திரமாக வருபவர் அடுத்ததில் கதைசொல்லி ஆகிவிடுவார். தனித்தனியாகப் படிக்கலாம் என்று சொல்வார்கள். முதல் இரண்டுக்கு மட்டும் அதைக் கேட்காதே. 2007-இல் வந்த முதல் நாவலில் உடைந்துபோகும் ஓர் உறவின் மிச்சம்தான் இரண்டாவது முழுக்க.

வரிசையே வேண்டாதவர்களும் உண்டு. பெல்ஜியத்தில் பிறந்த சிமெனான், மெக்ரே என்ற பாரிஸ் போலீஸ் அதிகாரியை வைத்து எழுதிய நாவல்கள் 75. எல்லாமே சின்னவை, எதையும் எடுக்கலாம். ஜப்பானிய எழுத்தாளர் ஹிகாஷினோவின் ‘சஸ்பெக்ட் எக்ஸ்’, ‘கலிலியோ’ என்ற பட்டப்பெயர் கொண்ட இயற்பியலாளர் துப்பறியும் தொடரில் மூன்றாவது என்றாலும், முந்தைய இரண்டும் சிறுகதைத் தொகுப்புகள். நேராக அதற்கே போ.

ஸ்வீடனின் ஷோவாலும் வாலூவும் சேர்ந்து 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களை முதலிலிருந்தே படி. ஒவ்வொன்றிலும் 30 அத்தியாயங்கள். பத்தையும் ஒரே பெரிய நாவலாகத்தான் திட்டமிட்டார்கள். முதல் நாவலில் கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் மேலே வரும். அவள் யார் என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகும். தந்தி, கடிதம், பதிலுக்காகக் காத்திருப்பு. ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று பலர் புத்தகத்தை மூடுவது அந்த இடத்தில்தான். அந்தக் காத்திருப்பைத்தான் அவர்கள் எழுதினார்கள். போலீஸ் வேலையின் சலிப்பை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல்கள் குறைவு. இப்படிப்பட்ட எழுத்தாளரைக் கைவிடுமுன் நாவலில் மூன்றில் ஒரு பங்காவது படித்துப் பார். வேகத்தை நம்பி எழுதும் த்ரில்லர் என்றால் ஐம்பது பக்கத்தில் பிடிக்கவில்லையா, தயங்காமல் விட்டுவிடு.

ஆட்களைத் தேட விற்பனைப் பட்டியலைவிட விருதுகளின் இறுதிப் பட்டியல் நல்லது. பிரிட்டன் க்ரைம் எழுத்தாளர் சங்கம் மொழிபெயர்ப்புக்கென்றே 2006 முதல் தனி டாகர் விருது தருகிறது. முதலில் வாங்கியவர் பிரான்ஸின் ஃப்ரெட் வர்காஸ். அதே சங்கமும், அமெரிக்காவின் எட்கர் விருதும் முதல் நாவலுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தால் வரிசைத் தொல்லையே கிடையாது. பரிசு வென்றதை மட்டும் பார்க்காதே. உனக்குப் பிடிப்பது தோற்ற நாலைந்தில் ஒன்றாக இருக்கலாம்.

ஒரு தொடரின் வரிசையை இணையத்தில் தேடும்போது எண்ணிட்ட நூல் பட்டியலோடு நிறுத்திக்கொள். பாத்திரங்களின் பக்கத்தைத் திறந்துவிடாதே. யார் எந்த நாவலில் சாகிறார் என்பது முதல் வரியிலேயே இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்