பாதி மறைந்த நிலா

ஆசிரியருக்கு வணக்கம்.

முழு சந்திர கிரகணம் வந்தால் முதல் பக்கத்தில் பெரிய படம் போடுகிறீர்கள். பகுதி கிரகணம் என்றால் ஏதோ ஒரு மூலையில் இரண்டு வரி. அந்த அரைகுறைக் கிரகணத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

கி.மு. 523 ஜூலை 16 இரவு, இன்றைய ஈராக்கில் இருந்த பழைய நகரமான பாபிலோனில் தெரிந்ததும் அரைகுறைதான். பாரசீக மன்னர் காம்பைசஸின் 7-ஆம் ஆட்சியாண்டு அது. நிலாவின் வடக்குப் பாதி மட்டும் இருண்டது என்று ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன ஆப்பெழுத்தால் குறித்து வைத்தார்கள். அந்தப் பலகை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இதே கிரகணத்தை, ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வானியலாளர் தாலமியும் எழுதினார்: நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வடக்கிலிருந்து பாதி விட்டம். நேரத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், ‘வடக்கு, பாதி’ என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

சரி, இன்று இதனால் என்ன பயன்? பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு நாளின் நீளம் நூறாண்டுக்கு 2 மில்லிநொடிகூடக் கூடுவதில்லை. ஆனால் அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறதே! இன்றைய சுழற்சி வேகத்தை அப்படியே வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அந்த பாபிலோன் இரவுக்குள் கடிகாரம் 4 மணி நேரத்துக்கும் மேல் பிசகிவிடும். அந்தப் பிசகை அளக்க உதவுபவை இப்படிப்பட்ட பழைய குறிப்புகள்தான். அடுத்த பகுதி கிரகணத்துக்காவது அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்