கொப்பரை பொங்கியது சரி, அஸ்கா கொட்டியது சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்து முடிந்த நகைச்சுவைத் தொடர்கதைக்கு இரண்டு வாரமாக வாசகர் கடிதங்கள் வருகின்றன. பெங்களூரு வேலை போன பின் கவுந்தப்பாடிப் பக்கம் வந்து, பூட்டிக் கிடந்த கரும்பாலையைக் குத்தகைக்குப் பிடித்துப் பிழைக்கப் பார்க்கும் நாயகனை நினைத்து நினைத்துச் சிரித்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். கொங்கு மக்களைக் கேலி செய்துவிட்டார் என்று சிலருக்குக் கோபம். "ஒருத்தன் இத்தனை தப்பா பண்ணுவான்?" என்று கோவை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் வேலை தெரிந்தவர்கள் நாங்கள். எங்கள் கருத்தையும் பிரசுரிக்க வேண்டுகிறோம்.

கோவை வாசகருக்கு முதலில். அவன் செய்தது இத்தனை தப்பு இல்லை, ஒரே தப்பு. மற்றதில் பெரும்பாலானவை அதன் பின்னாலேயே வந்தவை. வியாழக்கிழமை வெட்டிய கரும்பை ஆள் கிடைக்காமல் திங்கட்கிழமை ஆட்டுகிறான். வெட்டிய கரும்பை மறுநாளுக்குள் ஆட்டிவிட வேண்டும். கிடக்கக் கிடக்க அதிலிருக்கும் சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகிறது. அவையும் இனிக்கும், ஆனால் பாகு சர்க்கரை மணியாகப் பிடிக்காது. கரும்புப்பால் புளிப்பேறி இருப்பதைப் பார்த்து இரண்டு கை சுண்ணாம்பு கூடப் போடுகிறான். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்க வேண்டும். உடைந்த சர்க்கரையில் சுண்ணாம்பு அதிகமானால் பாகு கறுத்துவிடும். அடுப்புக்குப் போட்ட சக்கையோ அப்போதுதான் ஆட்டிய ஈரச்சக்கை. இரண்டு மூன்று நாள் வெயிலில் காயாத சக்கை புகையுமே தவிர எரியாது. தீ மந்தமானால் இரண்டரை மணி நேரத்தில் இறக்க வேண்டிய, பாகு காய்ச்சும் கொப்பரை நாலு மணி நேரம் கிடக்கும். பாகு இன்னும் கறுக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் கதாசிரியர் இட்டுக்கட்டியது இல்லை.

கொப்பரை பொங்கும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் அலுக்கவில்லை. பால் சூடேறிக் கொதிப்பதற்கு முன்பே அழுக்கு மேலே திரண்டு வரும். வெண்டைச்செடித் தண்டை நசுக்கி ஊறவைத்த வழுவழுப்பான தண்ணீரை அப்போது விட்டால் மிச்ச அழுக்கும் சேர்ந்து ஏறும்; அரிகரண்டியால் வாரிவிட வேண்டும். நாயகன் அந்த நேரம் பார்த்து கைபேசியில் படம் எடுக்கிறான். அழுக்கு உள்ளேயே கொதித்து, நுரை விளிம்பு தாண்டி அவன் செருப்பு வரைக்கும் வருகிறது. பதம் பார்க்கும் பெரியவர் தென்னங்கீற்றை விளக்கெண்ணெயில் தொட்டு நாலு சொட்டு உதறுகிறார், நுரை அப்படியே அடங்குகிறது. எழுதியவர் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்பதற்கு அந்த நாலு சொட்டே சாட்சி.

பதம் பார்ப்பதும் அப்படியே. வெப்பமானி 118 டிகிரி காட்டியதும் இறக்கச் சொல்கிறான் நாயகன். அது வெல்லத்துக்கான சூடு. நாட்டுச்சர்க்கரைக்கு இன்னும் மூன்று நாலு டிகிரி ஏற வேண்டும், அதுவும் கரும்புக்குக் கரும்பு மாறும். பெரியவர் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, தட்டில் எறிந்து காது கொடுக்கிறார். சத்தம் கேட்டால்தான் இறக்குவார். அன்றைக்குச் சத்தமே கேட்கவில்லை.

கேலி என்று வருந்திய வாசகர்களுக்கு ஒன்று. கதை முழுக்கச் சிரிப்புக்கு ஆளாகிறவன் நாயகன்தான், அடுப்புக்குச் சக்கை தள்ளும் அம்மிணியோ பெரியவரோ இல்லை. ஆனால் பேச்சு விஷயத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் "ங்க" ஒட்டினால் கொங்குத் தமிழ் ஆகிவிடாது. நிழலில் உட்கார்ந்து விலை பேசும்போது "ஆகுமுங்களா தம்பி?" என்று கேட்கிற பெரியவர், பாகு தெறிக்கும்போது "தம்பி, ஒதுங்கு!" என்றுதான் கத்துவார். கதையில் அந்த இடத்திலும் அவர் "கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க சார்" என்கிறார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கால் வெந்துபோகும்.

கணக்கில் ஒரு பிழை. டன்னுக்கு 250 கிலோ சர்க்கரை என்று நாயகன் கணக்குப் போட்டுக் கனவு காண்பது சிரிப்புக்காக என்று விட்டுவிடலாம். பதினோராம் அத்தியாயத்தில் பழைய ஆலைக்காரரே 250 என்கிறார். ஒரு டன் கரும்பு ஆட்டினால் 600 லிட்டர் சுமாருக்குப் பால் வரும். காய்ச்சினால் நூறு கிலோவுக்கு முன்னே பின்னே சர்க்கரை. ஆலைக்காரர் வாயில் அந்த நூறுதான் வர வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம். நாங்கள் கடிதம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கடைசிக்கு முந்தைய அத்தியாயம். கட்டாத பாகில் நாயகன் இரண்டு மூட்டை அஸ்காவை, அதாவது வெள்ளைச் சர்க்கரையை, கொட்டி, நிறத்துக்கு ஹைட்ரோஸ் தூவி, பொன்னிறச் சர்க்கரையாக ஏலத்துக்குக் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்றுவிடுகிறான். ஊரே கைதட்டுகிறது. அஸ்கா கொட்டினால் மணி பிடிக்கும் என்பது உண்மை. உண்மை என்பதால்தான் வலிக்கிறது. ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், துணிச்சாயத் தொழிலில் புழங்கும் வெளுப்பு மருந்து. அது கொடுக்கும் மஞ்சள் நிறம் நிற்பதில்லை. வாங்கியவர் வீட்டு டப்பாவில் சர்க்கரை மறுபடி கறுக்கும். சுண்ணாம்பும் வெண்டைத்தண்டும் மட்டும் போட்டுக் காய்ச்சியவரின் பழுப்புச் சர்க்கரை, அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் விலை போகாமல் நிற்கிறது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து 60 கிலோ மூட்டைகள்தான் பழனி தேவஸ்தானத்துக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது பழனிப் பஞ்சாமிர்தம். அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சர்க்கரையில் இந்த வேலையைச் செய்தவனுக்குக் கைதட்டு வாங்கித் தருவதை எங்களால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

கதை புத்தகமாகும்போது அந்த அத்தியாயத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்று கதாசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம். சிரிப்புக்குக் குறை வராத வழியும் இருக்கிறது. கட்டாத பாகு வீணில்லை. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் என்ற இயற்கை ஊட்டக் கரைசலுக்கும், அதேபோன்ற ஜீவாமிர்தத்துக்கும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வெல்லம் தேவைப்படுகிறது. அதற்குக் கறுத்த பாகே போதும். ஜீவாமிர்தம் 200 லிட்டர் பீப்பாய்க்குச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி, வெல்லம் 2 கிலோ. நாயகனிடம் இருப்பது 90 கிலோ. குடம் குடமாக மொபட்டில் கட்டிக்கொண்டு கீழ்பவானி வாய்க்கால் ஓரமாகத் தோட்டம் தோட்டமாகப் போய், நாய்களுக்கும் எறும்புகளுக்கும் தப்பி, அவன் நாற்பத்தைந்து பீப்பாய்க்காரர்களைத் தேடிப் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
கரும்பாலைத் தொழில் அறிந்த வாசகர்கள்,
கவுந்தப்பாடி வட்டாரம், ஈரோடு மாவட்டம்.