விட்ஜெட்டில் இருக்கும் பட்டனுக்குப் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ உதவியாளர்களின் விட்ஜெட்டை (செயலியைத் திறக்காமலே பயன்படுத்த உதவும் சிறு பெட்டியை) செல்போனின் முகப்புத் திரையில் வைத்துக்கொள்ளும்படி நாளிதழ்களின் தொழில்நுட்பப் பக்கங்கள் யோசனை சொல்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் "வலது மூலையில் உள்ள நீல வட்டத்தைத் தொடவும்" என்கிற மாதிரி எழுதினால், திரையைக் காதால் படிக்கும் பார்வையற்ற எங்களுக்கு அது உதவாது. ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள்) பட்டனின் பெயரைச் சொல்லும். அதன் நிறத்தைச் சொல்லாது. பட்டனின் பெயரையும், அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் அதே குறிப்பு எல்லோருக்கும் பயன்படும். அப்படி எழுதப்பட்ட குறிப்பு தமிழில் அரிது என்பதால், பயிற்சி வகுப்புகளில் நாங்கள் சொல்லிக்கொடுப்பதை இங்கே தருகிறோம்.

ஸ்கிரீன் ரீடரில் விரலை வலப்பக்கம் ஒருமுறை தள்ளினால் அடுத்த உருப்படி ஒலிக்கும். இருமுறை தட்டினால் அது இயங்கும். ஏஐ செயலியைத் திறந்ததும் மெனு, மாடலின் பெயர், பரிந்துரை வரிகள், பழைய உரையாடல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் மைக் பட்டனுக்கு வர வேண்டும். செயலி புதுப்பிக்கப்பட்டால் அந்த வரிசையும் மாறிவிடும். விட்ஜெட்டில் கேள்வி எழுதும் பெட்டி, மைக், கேமரா, நேரடிக் குரல் உரையாடல் ஆகியவை தனித்தனி பட்டன்களாக எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். விரலுக்கு இடம் பழகிவிட்டால் தள்ளிக்கொண்டே போக வேண்டியதில்லை, நேராகப் போய்த் தொடலாம். இதற்காகவே விட்ஜெட்டைத் திரையின் நடுவில் வைக்க வேண்டாம், மேலே வையுங்கள் என்கிறோம். போனின் மேல் விளிம்பைத் தடவிப் பார்த்து அங்கிருந்து இறங்கி வரலாம். நடுத்திரையில் அப்படி ஒரு பிடிமானம் கிடையாது.

ஆண்ட்ராய்டில் விட்ஜெட்டை வைப்பதுதான் பலரும் சிக்கிக்கொள்ளும் இடம். முகப்புத் திரையின் காலி இடத்தில் இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். காலி இடத்தைத் தொட்டால் டாக்பேக் பெரும்பாலும் எதுவும் சொல்லாது என்பதால், ஐகான் நிறைந்த பக்கத்தில் அதைத் தேடுவது வீண் வேலை. முதலில் ஒரு பக்கத்தைக் காலி செய்துகொள்வது நல்லது. சில போன்களில் இன்னும் சுலபமான வழி உண்டு: செயலியின் ஐகானையே இதேபோல் தட்டிப் பிடித்தால் திறக்கும் சிறு மெனுவில் 'விட்ஜெட்கள்' என்று வரும். காலி இடத்தை அழுத்தித் திறந்த மெனுவில் 'விட்ஜெட்கள்' என்பதைத் தேர்ந்தால் பட்டியல் வரும். அதில் செயலியின் பெயரைத் தேடி இருமுறை தட்டினால் அதன் விட்ஜெட்கள் விரியும். அடுத்து, பார்வை உள்ளவர்கள் செய்வதுபோல் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். விரல் கொஞ்சம் முன்னதாக எழுந்துவிட்டால் விட்ஜெட் எங்கேயாவது போய் உட்கார்ந்துவிடும், அல்லது வைக்கப்படாமலே போகும். மூன்று விரல்களால் ஒருமுறை தட்டி டாக்பேக் மெனுவைத் திறந்து, 'செயல்கள்' பகுதியில் முகப்புத் திரையில் சேர்ப்பதற்கான வரி இருக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் முன்னோட்டத்துக்குக் கீழேயே சேர்ப்பதற்கான பட்டன் இருக்கும்.

ஐபோனில் இவ்வளவு தொல்லை இல்லை. ஏதாவது ஒரு ஐகானின் மேல் நின்றுகொண்டு, விரலை மேலோ கீழோ தள்ளி முகப்புத் திரையைத் திருத்தும் செயலைத் தேர்ந்து இருமுறை தட்டினால் போதும். மேலே உள்ள திருத்து பட்டனில் விட்ஜெட் சேர்க்கும் வழி கிடைக்கும். ஐஓஎஸ் 16 முதல் பூட்டுத் திரையிலும் விட்ஜெட் வைக்கலாம். ஆனால் ஐபோன் விட்ஜெட் சிலவற்றில் எல்லாமே சேர்ந்து ஒரே உருப்படியாக ஒலிக்கும். அப்படிப்பட்டதை வைப்பதைவிட, 'பேக் டாப்' வசதியில், போனின் முதுகை இருமுறை தட்டினால் உதவியாளர் திறக்கும்படி ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்வது மேல்.

மைக் பட்டனை அடைந்த பிறகு வேறொரு பிரச்சினை. போனின் ஸ்பீக்கரில் டாக்பேக் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் திறந்துவிடுகிறது. டாக்பேக் சொல்லும் சொற்களும் கேள்வியில் பதிவாகின்றன. நேரடிக் குரல் உரையாடலில் இது இன்னும் மோசம். ஸ்கிரீன் ரீடரின் குரலை நம் பேச்சு என்று நினைத்து உதவியாளர் பாதி பதிலில் நிறுத்திவிடும், பிறகு நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கும். இதற்கு இயர்போன்தான் தீர்வு. அதிலும் கம்பி உள்ளதே சிறந்தது. புளூடூத் இயர்போனில் மைக் திறந்ததும் இணைப்பு பாட்டுக் கேட்கும் முறையிலிருந்து அழைப்பு முறைக்கு மாறும். அந்த இடைவெளியில் பேசிய முதல் சொல் விழுந்துபோகும். ஒலிக்குறி கேட்டபின் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். இயர்போன் இல்லாதபோது, ஆண்ட்ராய்டில் டாக்பேக் பேசிக்கொண்டிருக்கையில் ஒலிப் பட்டனை அழுத்தினால் டாக்பேக்கின் ஒலி மட்டும் தனியாகக் குறையும். உதவியாளரின் குரல் அப்படியே இருக்கும்.

பதில் திரையில் துண்டு துண்டாக வந்து சேர்கிறது. சில செயலிகளில் ஒவ்வொரு துண்டு வரும்போதும் டாக்பேக் முதலிலிருந்து படிக்கத் தொடங்கும், சிலவற்றில் பதில் முடிந்தும் எதுவும் ஒலிக்காது. முழுப் பதிலும் வந்து சேரும்வரை திரையைத் தொடாமல் இருந்து, பிறகு பதிலின் முதல் வரிக்குப் போய்ப் படிப்பதே நிம்மதி. செயலியின் அமைப்புகளில் நிரந்தரக் குறிப்பு எழுத இடம் இருந்தால், 'அட்டவணை வேண்டாம், நட்சத்திரக் குறி வேண்டாம், ஈமோஜி வேண்டாம், முதல் வரியிலேயே விடையைச் சொல்' என்று எழுதிவையுங்கள். ஈமோஜியின் பெயர்களைக் காதால் கேட்டுக்கொண்டே சமையல் குறிப்பைப் பின்பற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும். தமிழில் கேட்டு ஆங்கிலம் கலந்த பதில் வந்தால், தமிழ்க் குரல் அந்த ஆங்கிலச் சொற்களைக் கடித்துத் துப்பும். 'ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுது' என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

கேமரா பட்டனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டப்பாவில் இருப்பது காபித்தூளா மல்லித்தூளா, சட்டை என்ன நிறம், கதவில் ஒட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். மாத்திரையின் அளவுக்கும் காலாவதித் தேதிக்கும் அதை மட்டும் நம்பக் கூடாது. எழுத்து மங்கலாகவோ பாதி வெட்டுப்பட்டோ இருந்தாலும் ஏஐ தயங்காமல் ஏதோ ஒரு தேதியைச் சொல்லிவிடும். 'படத்தில் எந்தப் பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது, எந்த எழுத்து தெளிவாக இல்லை' என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது படம் எடுத்து இரு பதில்களையும் ஒப்பிடுங்கள். அதன் பிறகும் மருந்துக்கடைக்காரரிடமோ வீட்டில் ஒருவரிடமோ காட்டிவிடுங்கள். ரூபாய் நோட்டுக்கு ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' செயலி இருக்கிறது, அது இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஏடிஎம் அட்டையையும் ஆதாரையும் ஏஐ கேமராவில் காட்டவே வேண்டாம். படம் போனோடு நிற்பதில்லை, நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது.

இனி, செயலி செய்பவர்களுக்கு. பல விட்ஜெட்களில் டாக்பேக் 'லேபிளிடப்படாத பட்டன்' என்று மட்டும் சொல்கிறது. மூன்று பட்டன் இருந்தால் மூன்று முறையும் அதே சொல். டாக்பேக் மெனுவில் நாங்களே லேபிள் சேர்க்க வழி உண்டு என்றாலும், அந்தப் பட்டனுக்கு உள்ளே ஓர் அடையாளக் குறியீடு தரப்பட்டிருந்தால்தான் அது பலிக்கும். ஆண்ட்ராய்டு விட்ஜெட் ரிமோட்வியூஸ் என்ற நிரல் முறையில் இயங்குகிறது. அதில் பட்டனுக்கு 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்', அதாவது ஸ்கிரீன் ரீடர் சொல்ல வேண்டிய பெயரை, தருவது ஒரே வரி வேலை. ஐபோனில் அதுவே 'ஆக்சஸிபிலிட்டி லேபிள்'. பெயரில் 'பட்டன்' என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள், ஸ்கிரீன் ரீடர் தானாகவே அதைச் சொல்லும். சேர்த்தால் 'மைக் பட்டன் பட்டன்' என்று ஒலிக்கும். விட்ஜெட் முழுவதையும் ஒரே தொடுபரப்பாக்கி அதற்கு ஒரு பெயர் தந்தால் உள்ளே இருக்கும் பட்டன்களுக்குப் போக முடியாமல் போகும். பட்டனின் அளவு ஆண்ட்ராய்டில் 48 டிபி, ஐபோனில் 44 பாயின்ட்டுக்குக் (இரண்டும் திரையில் அளவைக் குறிக்கும் அலகுகள்) குறையக் கூடாது என்று அந்தந்த நிறுவனங்களே வழிகாட்டியில் சொல்லியிருக்கின்றன.

இது யாரும் செய்யும் உபகாரம் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு தகவல் தொழில்நுட்பத்தில் அணுகல் வசதியைப் பற்றியது. ஐஎஸ் 17802 என்று இந்தியத் தர நிர்ணயமே இதற்கென்று இருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துள்ளது.

புகார் அனுப்பும் பார்வையற்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 'விட்ஜெட் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் எந்த நிறுவனமும் திருத்தாது. போனின் மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, டாக்பேக் பதிப்பு, செயலியின் பதிப்பு, எத்தனையாவது பட்டன், அதைத் தொட்டபோது ஸ்கிரீன் ரீடர் சொன்ன சொற்கள், சொல்லியிருக்க வேண்டிய சொற்கள் ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். திரையைப் பதிவு செய்து அனுப்பினால் டாக்பேக்கின் குரலும் அதில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஸ்கிரீன் ரீடர் பயிற்றுநர்கள் சிலர்,
மதுரை.