மாணவர் பக்கத்தில் பேச வைக்கும் தாள்களும் வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. மலேசியாவின் பினாங்கில், மலாய் வழியில் நடக்கும் ஒரு தேசியப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்று கல்விச் சட்டத்தில் இருக்கிறதே, அந்த வகுப்புதான். நேரம் குறைவு, கையில் இருக்கும் பயிற்சிகள் அதைவிடக் குறைவு, அதனால் பத்திரிகையில் வரும் எதையும் விடுவதில்லை. ஆனால் எந்த வாரம் எடுத்தாலும் கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக, எதிர்ச்சொல் எழுதுக, இல்லாவிட்டால் குறுக்கெழுத்து. எல்லாமே குனிந்து எழுதுகிற வேலை. பிள்ளை வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்கிற பயிற்சி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மாதம் ஒரு வாரமாவது, வெட்டி எடுத்து இரண்டு பேர் பேசி விளையாடக்கூடிய தாள் ஒன்றைப் போடுங்களேன்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாமல் இல்லை. பாட்டி சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், தொடர் நாடகம் பார்த்துச் சிரிப்பார்கள், பதில் மட்டும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். 'லீவுல எங்க போன?' என்று ஒரு பையனைக் கேட்டால் 'கர்னி பிளாசா, டீச்சர்' என்று பேரங்காடியின் பெயரோடு முடிந்துவிடும். அதில் அவன் தப்பு என்ன இருக்கிறது, எங்கே போனான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதற்குமேல் அவன் எதற்காக முழு வாக்கியம் பேச வேண்டும்? கேட்கிறவருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறவரிடம் இருந்தால்தான் பேச்சு நீளும். மொழி கற்பிப்பவர்கள் 1970களிலிருந்தே இதைச் சொல்லிவருகிறார்கள். அதற்கு அவர்கள் பிடித்த வழி ரொம்பச் சுலபம்: ஒரே படத்தை இரண்டு விதமாக அச்சடித்து, ஒருவர் தாளில் இருப்பது மற்றவர் தாளில் இல்லாதபடி செய்து, தாளைக் காட்டாமல் கேட்டு நிரப்பச் சொல்வது.

நான் செய்த ஒன்று, எங்கள் ஊர்த் தமிழ்க் கடைத்தெருப் பகுதியான லிட்டில் இந்தியாவின் வரைபடம். லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குவீன் (லெபோ என்றால் மலாயில் தெரு), அங்கே இருக்கும் மாரியம்மன் கோயில், இவை இரண்டு தாளிலும் இருக்கும். கடைகள் மட்டும் பாதி ஒரு தாளில், மீதி இன்னொரு தாளில். பூக்கடை தன் தாளில் இல்லாதவள், அது எங்கே இருக்கிறது என்று எதிரில் இருப்பவளிடம் கேட்டால்தான் தன் தாளில் வரைய முடியும். 'கோயிலுக்கு எதுத்தாப்லயா, பக்கத்துலயா?' 'பக்கத்துல. இல்ல இல்ல, ரெண்டு கடை தள்ளி.' இந்த 'இல்ல இல்ல' இருக்கிறதே, எந்தப் பயிற்சி நூலும் இதை ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வரவழைக்காது. மலாயில் கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன், அதை என்னைவிடக் கண்டிப்பாகக் காப்பாற்றுவது எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான். கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், பூக்கடை லெபோ சூலியாவுக்கே போயிருக்கும், அப்புறம் யார் சொன்னது தப்பு என்று ஒரு சண்டை. அதுவும் தமிழில் நடந்தால் எனக்கு லாபம்.

வேறு வகைகளும் உண்டு. சதுரத் தாளின் நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்து, திருப்பிப் போட்டு மறுபடியும் மடித்து, விரல்களை உள்ளே விட்டுத் திறந்து மூடுவோமே, அந்தக் காகித விளையாட்டில் உள்மடிப்பில் எட்டுக் கேள்விகள் எழுத இடம் இருக்கிறது. பரமபதக் கட்டத்தையே எடுத்துக்கொண்டு, ஏணியில் ஏற வேண்டுமானால் ஒரு காரணம் சொல்ல வேண்டும், பாம்பு கொத்தினால் ஒரு சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம் என்று வைத்தால் சாக்குச் சொல்வதில் நம் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. 'உனக்குப் பிடித்த உணவு எது?' என்ற மாதிரி கேள்வி அட்டைகள்தான் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 'நாசி கோரெங்' என்று ஒரே சொல்லில் விளையாட்டு முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதில் சிலருக்கு என்மேல் கோபம் வரலாம். தயவுசெய்து இந்தத் தாள்களை 'நான் சந்தைக்குச் சென்றேன், கனிகள் வாங்கினேன்' என்ற தமிழில் போடாதீர்கள். அப்படி யாரும் யாரிடமும் பேசுவதில்லை, பிள்ளைக்கும் அது தெரியும், அதனால்தான் தமிழ் என்றாலே மேடைப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்வது என்று நினைத்துக்கொள்கிறது. 'சந்தைக்குப் போனேன், பழம் வாங்கினேன்' என்றால் தமிழ் ஒன்றும் கெட்டுவிடாது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டிலேயே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொல்லிவிட்டது. நாம் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆறாம் ஆண்டு முடிவில் நடந்துவந்த யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் ரத்தானபோது இனிப் பேச்சுக்கு நேரம் கிடைக்கும் என்று நம்பினோம். வகுப்பறை மதிப்பீடு வந்தது, பாடத்திட்டத்தில் கேட்டல், பேச்சு முதலில் நிற்கிறது, எல்லாம் சரிதான். ஆனால் கோப்பைத் திறந்து பார்க்க வருகிறவர் கேட்பது எழுதிய தாளை, பெற்றோர் கேட்பதும் அதையே. பேசியதை எந்தக் கோப்பில் வைப்பது? அதனால் நீங்கள் தாள் போட்டால் அடியில் ஒரு சின்னக் கட்டமும் போடுங்கள்: நண்பர் எத்தனை கேள்வி கேட்டார், முழுதாகப் பதில் சொன்னாரா என்று பக்கத்துப் பிள்ளையே குறித்துக் கையெழுத்துப் போடட்டும். கோப்புக்கும் ஒரு சாட்சி ஆகிவிடும்.

அச்சு விஷயத்தில் சில வேண்டுகோள்கள். வண்ணம் வேண்டாம், பள்ளி இயந்திரங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான், பச்சைக் கூடையும் சிவப்புக் கூடையும் ஒரே சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும், 'சிவப்புக் கூடை எங்கே?' என்ற கேள்வியே வீணாகிவிடும். கோடுகள் தடித்து இருக்கட்டும், ஃபோட்டோஸ்டேட் எடுத்ததை மறுபடி ஃபோட்டோஸ்டேட் எடுத்தாலும் தெரிய வேண்டும். பத்திரிகைத் தாள் மெலிசு என்பதால் பகடை மாதிரி வெட்டி மடித்து ஒட்டுகிறவற்றுக்கு 'முதலில் மணிலா அட்டையில் ஒட்டவும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வீட்டில் மைலோ டப்பாவின் வெளி அட்டை கிடைத்தாலும் ஆகும். ரொம்ப முக்கியமாக, இரண்டு பேருக்கான தாள்களை ஒரே பக்கத்தில் அருகருகே போடாதீர்கள். பிள்ளைகள் இரண்டையும் பார்த்துவிட்டால் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்? ஒன்று மாணவர் பக்கத்தில், மற்றது விளையாட்டுச் செய்திக்குப் பக்கத்தில் வரட்டும். வெட்டும் இடத்தின் பின்புறம் ராசிபலன் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டிலேயே அதற்குக் கலவரம் நடக்கும்.

வரைபடத் தாளையும் பரமபதக் கட்டத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம், பெயர்கூடப் போட வேண்டாம். கடைகளின் பெயர்களை மாற்றி ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஏற்ற மாதிரி போட்டாலும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு