என் கால்களைப் பார்த்தவர்களுக்கு நன்றி

12 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இத்தனை காலத்தில் ரத்தம் பார்த்தார்கள், சிறுநீர் பார்த்தார்கள், கண்ணும் பார்த்தார்கள். காலுறையைக் கழற்றச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் சிஸ்டர். முதல் நன்றியும் உங்களுக்கே.

"கால் வலிக்கவே இல்லையே, எதற்கு?" என்று முணுமுணுத்தேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. கண்ணை மூடச் சொல்லி, இழை பட்டால் "ஆம்" சொல்லுங்கள் என்றீர்கள். நானும் காத்திருந்தேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று. கண்ணைத் திறந்தால் வலது பாதத்தில் மூன்று இடம் முடிந்திருந்தது! 10 கிராம் விசையில் வளைகிற நைலான் இழை அது. அப்புறம் தட்டினால் 128 ஹெர்ட்ஸில் அதிரும் இசைக்கவையைக் கால் கட்டைவிரலில் வைத்தீர்கள். அதன் அதிர்வும் எனக்குத் தெரியவில்லை. அன்றுதான் உண்மையில் பயந்தேன்.

டாக்டர் அம்மா, பாதத்தின் மேலேயும் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி பார்த்தீர்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றபோதுதான் மூச்சு வந்தது. சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு வகுத்த 0 முதல் 3 வரையான ஆபத்து நிலைகளைக் காகிதத்தில் கோடு போட்டு விளக்கினீர்கள். உணர்வு குறைந்ததோடு விரல்களும் வளைந்திருப்பதால் நான் இரண்டாம் நிலை. நிலை 0 என்றால் வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். நான் 3 முதல் 6 மாதத்துக்குள் வர வேண்டும். ஒருமுறை புண் வந்து ஆறியிருந்தால் 3 ஆகியிருக்கும் என்றீர்கள். அந்தக் காகிதம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

செருப்பு தைத்துக் கொடுத்த அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அளவெடுக்கும் முன்பு என் பழைய ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவி, மேலே எட்டிப் பார்த்த ஓர் ஆணி முனையைக் காட்டினார். பாதத்தில் காய்ப்பு இருந்ததும் சரியாக அதே இடத்தில்தான். எத்தனை நாள் அதன் மேல் நடந்தேனோ! இப்போது ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே தடவிப் பார்க்காமல் காலை நுழைப்பதில்லை.

என் பேத்திக்கும் நன்றி. தினமும் இரவில் விரலிடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்ப்பது அவள் வேலை. சில நாள் இப்ஸ்விச் தொடு சோதனையும் உண்டு: என் கண் மூடியிருக்க, இரண்டு காலிலும் முதல், மூன்றாம், ஐந்தாம் விரல் நுனிகளை மெல்லத் தொடுவாள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது என்று கணக்கு. நான் குத்துமதிப்பாக "ஆம்" சொன்னால், "தாத்தா கள்ளாட்டம்" என்று கத்துகிறாள்.

சிஸ்டர், அடுத்த முறை காலுறை இல்லாமலே வந்துவிடலாமா என்று யோசித்தேன். நீங்கள் திட்டுவீர்கள். போட்டுக்கொண்டே வருகிறேன், சொல்லும் முன் நானே கழற்றிவிடுகிறேன்.