மண்ணைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு

ரிங்லெட், கேமரன் மலை, மலேசியா,
தைப்பூசத்துக்கு முந்தின வாரம்

அன்புள்ள அக்கம்பக்கத்து உறவுகளுக்கு, வணக்கம்.

என் வீட்டுக் கொல்லை சரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று ஓடி வந்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அழுகைதான் முன்னால் வந்தது. அதனால்தான் இந்த மடல்.

அந்த நவம்பர் மழையில் அம்மா வைத்த ரோஜாப் பாத்தியும் சௌசௌப் பந்தலும் ஒரே ராத்திரியில் ஓடைக்குள் போய்விட்டன. விடிந்து பார்த்தால் சிவப்பு மண்ணும், சாய்ந்து நின்ற ஒரு ஹைட்ரேஞ்சியாச் செடியும்தான் மிச்சம். கிள்ளானில் இருக்கும் மகள், "மலையை விட்டு வந்துவிடுங்கள் அம்மா" என்றாள். நானும் சரி என்று துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டேன். இது உங்களில் பலருக்குத் தெரியாது.

மறுநாள் நான் பசியாறும் முன்பே கீழ் லயத்து வீடுகளின் தம்பிகள் மண்வெட்டியோடு வாசலில் நின்றார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைத்தீர்கள் தம்பிகளா. சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியின் ஓரத்திலும் சரிவுக்குக் குறுக்கே, ஒரு சாண் இடைவெளியில் வெட்டிவேர் நட்டீர்கள். அதன் வேர் பக்கத்தில் படராமல் நேரே கீழே இறங்கும், 2, 3 மீட்டர்கூடப் போகும் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. கையளவு புல்லாக அல்லவா இருந்தது!

அப்புறம், முப்பது வருஷம் கொழுந்து பறித்த மேல்வீட்டுப் பெரியம்மா. நான் நட்ட முட்டைகோஸ் நாற்று இரண்டு முறை வாடிப்போனபோது வந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "இது தேயிலை மண்ணுடி. தேயிலைக்குப் புளிப்பு வேணும், கோஸுக்கு ஆகாது. சுண்ணாம்பு போடு" என்றார். போட்டேன். கோஸ் பிடித்துக்கொண்டது. அதைவிட ஆச்சரியம் அந்த ஹைட்ரேஞ்சியா. சுண்ணாம்பு எட்டாத பக்கம் எப்போதும்போல நீலமாகவே பூத்தது. பாத்தியை ஒட்டிய பக்கம் இளஞ்சிவப்பு. ஒரே செடியில் இரண்டு நிறம். பெரியம்மாவை இழுத்து வந்து காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

மழை விட்ட பிப்ரவரியில், "வீட்டிலேயே இருந்தால் சரிவையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்" என்று என்னைப் பிரிஞ்சாங் மலைக்கு அழைத்துப் போன தங்கைகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? அறுபது வருஷம் கேமரன் மலையில் வாழ்ந்தவள், 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்தப் பாசிக் காட்டை அன்றுதான் பார்த்தேன். மரங்கள் குட்டையாக முறுக்கிக்கொண்டு நின்றன. கிளையெல்லாம் பாசி. மழையே இல்லை, ஆனாலும் சொட்டிக்கொண்டிருந்தது. மேகம் வந்து மோதும்போது பாசி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம்.

வழிகாட்டி வந்த செமாய் பழங்குடிப் பெரியவருக்குத் தனியாக வணக்கம். என் முழங்கால் நடுங்கிய இடத்தில் எல்லாம் "பெலான், பெலான்" என்று, மெதுவாக வரும்படி மலாயில் சொல்லிக் காத்து நின்றார். ஒரு திருப்பத்தில் குனிந்து 'பெரியோக் கெரா' செடியைக் காட்டினார். குரங்குச் சட்டி என்று அர்த்தம். இலை நுனியிலிருந்து ஒரு கொடி இறங்கி, அதன் முனையில் மூடியோடு சின்னக் குடுவை. உள்ளே கொஞ்சம் நீர், அதில் ஓர் எறும்பு மிதந்தது. சத்தில்லாத மலை மண்ணில் அந்தச் செடி பூச்சியைப் பிடித்துத்தான் பிழைக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கட்டி வைத்த துணிகளைப் பிரித்து அலமாரியில் அடுக்கினேன்.

போன அக்டோபரில் மழை மறுபடி பிடித்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. காலையில் கைவிளக்கோடு போய்ப் பார்த்தேன். படிகள் அப்படியே இருந்தன. வெட்டிவேர் என் இடுப்பளவு நின்றது.

இப்போது சாமந்தி பூத்திருக்கிறது. முருகனுக்கு மாலை கட்டியது போக மிச்சம் இருக்கும், பறித்துக்கொள்ளுங்கள். சௌசௌவும் காய்க்கிறது. வெட்டிவேர்த் தூர் பிரித்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் சரிவு இருப்பவர்கள் வாருங்கள், நடவுக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஓடைக்கரை வீட்டு அக்கா