இடுப்பு வலிக்காரருக்கு அந்தப் படம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இடுப்பு வலிக்கு வயிற்றுத் தசையை வலுவாக்கச் சொல்லி ஒரு குறிப்பு வந்திருந்தது. எழுதியதில் பெரிய பிழை இல்லை. பக்கத்தில் போட்டிருந்த படம்தான் என்னை உறுத்துகிறது. ஓர் இளைஞர் மல்லாக்கப் படுத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு, நெற்றி முட்டியில் படும் அளவுக்கு எழுந்து உட்காருகிறார். வலியில் இருப்பவன் குறிப்பை முழுக்கப் படிக்க மாட்டான். படத்தைப் பார்ப்பான், பாயை விரிப்பான். நான் அப்படி விரித்தவன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு நியாயவிலைக் கடையில் நான் கட்டுநர். விற்பனையாளர் பில் போடுவார், நான் அளந்து போடுவேன். 2019 பொங்கல் பரிசு கொடுத்த வாரம் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு என்று கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஒரு மூட்டையைச் சுவரோரம் நகர்த்தக் குனிந்தபோது இடுப்பில் சுரீரென்று ஒரு பிடி. அன்றைக்குத் தைலம் தேய்த்துப் படுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் வலி இடது பிட்டம், தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்கால் என்று இறங்கி, கால் பெருவிரல் மரத்துப்போனது. செருப்பின் வார் விரலில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குனியவும் முடியாது.

ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க், அதாவது இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு, பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்தது. எங்கள் பக்கம் ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்பார்கள். வட்டு இடத்தை விட்டு எங்கேயும் போய்விடுவதில்லை. அதைச் சுற்றி நார் வளையம், உள்ளே கூழ். வளையம் பின்பக்கம் நைந்தால் கூழ் அந்த வழியாகப் புடைத்து நரம்பை நெருக்கும். பழைய சாக்கின் மூலையில் தையல் விட்டு அரிசி துருத்திக்கொண்டு நிற்குமே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன்.

எட்டு மாதம் பெல்ட் போட்டேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்றுவேன். வலி கொஞ்சம் அடங்கியதும், இனி வயிற்றை வலுவாக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, போனில் ஒரு வீடியோ பார்த்து, நீங்கள் போட்ட படத்தில் இருக்கும் அதே பயிற்சியை ஆரம்பித்தேன். நாளைக்கு இருபது. முதல் மூன்று நாள் பெருமையாக இருந்தது. நான்காம் நாள் காலை பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. மனைவியும் பக்கத்து வீட்டுத் தம்பியும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். வலி மறுபடி கெண்டைக்கால் வரை இறங்கியிருந்தது.

என் அக்கா மகள் பிசியோதெரபி படித்தவள். பார்க்க வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டாள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் என்று ஒரு பேராசிரியர், முதுகெலும்பின் மேல் எந்த அசைவுக்கு எவ்வளவு பாரம் விழுகிறது என்று பல வருடம் அளந்தவர். அவர் கணக்குப்படி ஒரு முறை அப்படி எழுந்து உட்கார்ந்தால் கீழ் முதுகில் சுமார் 3,300 நியூட்டன் அழுத்தம். எனக்கு நியூட்டன் தெரியாது, கிலோவில் சொல்லும்மா என்றேன்.

“முந்நூத்து முப்பது கிலோவுக்கு மேல வரும் மாமா.”

கிலோ எனக்குப் புரியும். ஐம்பது கிலோ மூட்டை ஆறுக்கு மேல். அதை நைந்துபோன வட்டின் மேல் நாளைக்கு இருபது தடவை இறக்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். அதே பல்கலைக்கழகத்தில் பன்றியின் முதுகெலும்புத் துண்டுகளை இயந்திரத்தில் வைத்து, பெரிய பாரம் இல்லாமலேயே, ஆயிரக்கணக்கான முறை முன்னுக்கு வளைத்து வளைத்துப் பார்த்தார்கள். வட்டு பின்பக்கமாகப் பிதுங்கியது. 2001-இல் வெளியான ஆய்வு அது. இதைக் கேட்டபோதுதான் எனக்குச் சுரீரென்றது. மூட்டை தூக்கியதால் வந்த வினை என்று அதுவரை நினைத்திருந்தேன். மூட்டையை நான் நாளைக்கு எத்தனை முறை தூக்குவேன், பத்து, பதினைந்து? ஆனால் வாய் பிரித்த சாக்கிலிருந்து அரிசி அள்ளக் குனிவது நூற்றுக்கணக்கில். சாக்கு நிறைய இருக்கும்போது லேசாகக் குனிந்தால் போதும். முக்கால்வாசி தீர்ந்த பிறகு தலையே சாக்குக்குள் போய்விடும். இருபது வருடம் இதைச் செய்திருக்கிறேன். இப்போது பிரித்த சாக்கை ஒரு பழைய மரப் பெஞ்சின் மேல் ஏற்றி வைத்துத்தான் அள்ளுகிறேன். ஏற்றுவதற்கு இரண்டு பேர். பெஞ்சு எங்கள் வீட்டிலிருந்து போனது. கடைக் கணக்கில் கேட்டிருந்தால் இன்னும் வந்திருக்காது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். முதல் பத்து நாள் அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தது மூச்சு விடுவதைத்தான். மல்லாக்கப் படுத்து முட்டியை மடித்து, இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்பக்கம் இரண்டு விரலை வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது வயிற்றில் செல்லமாக ஒரு குத்து விட வந்தால் நாம் தன்னால் இறுக்குவோமே, அந்த இறுக்கம் விரலுக்குக் கீழே தெரிய வேண்டும். முழு பலத்தோடு வேண்டாம், கால்வாசி போதும். இறுக்கிக்கொண்டே பேச முடிய வேண்டும். நான் வயிற்றை உள்ளே எக்கி, மூச்சைப் பிடித்து, முகம் சிவந்துபோனேன். “மாமா, போட்டோவுக்கு நிக்கல நீங்க” என்றாள்.

இது என்ன பயிற்சி என்று எனக்கு எரிச்சல்தான். அப்போது அவள் சொன்னது மனதில் நின்றது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1996-இல் பார்த்திருக்கிறார்கள். நல்ல உடம்பு உள்ளவர் கையைத் தூக்கினால், கை அசைவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் உள்ள தசை இறுகி இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. இடுப்பு வலி உள்ளவருக்கு அது தாமதமாக இறுகுகிறது. கூட்டம் உள்ளே புகுந்த பிறகு வரிசை போடச் சொல்வது மாதிரி. அதே வருடம் அதே இடத்தில் இன்னோர் ஆய்வு. முதல் தடவை இடுப்பு பிடித்தவர்களுக்கு வலி போன பிறகும், முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் என்ற சின்னத் தசை மெலிந்தபடியே இருந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு அது தேறியது. வலி போய்விட்டது என்று பாயைச் சுருட்டி வைக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நானும் இரண்டு முறை சுருட்டி வைத்திருக்கிறேன்.

அப்புறம் மெக்கில் சொல்லும் மூன்று பயிற்சிகள். மல்லாக்கப் படுத்து, ஒரு காலை நீட்டி ஒரு காலை மடித்து, இடுப்புக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் மட்டும் தரையிலிருந்து துளி எழுப்புவது ஒன்று. தலைக்கு அடியில் ஒரு செய்தித்தாள் நுழைந்தால் போதும், உங்கள் தாள்தான் நுழைந்தது. இரண்டாவது, ஒருக்களித்து முழங்கையையும் முட்டியையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. மூன்றாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. குழந்தை தவழும் நிலையில் நின்று, வலது கையையும் இடது காலையும் ஒரே நேரத்தில் நீட்ட வேண்டும். பத்து விநாடி நிற்க வேண்டும். பிறகு மாற்றி.

பார்க்கச் சுலபம். கை கால் நீட்டுவது பெரிதில்லை, நீட்டும்போது இடுப்பு அசையக்கூடாது என்பதுதான் பயிற்சியே. நமக்கு நம் முதுகு தெரியாதே. அதற்கு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து என் இடுப்புக் குழியில் வைத்தார். காலைத் தூக்கினேன், பழம் உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. மறுபடி வைத்தார். மறுபடி பீரோ. ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டு அம்மா எனக்கு என்னமோ கழிப்பு கழிக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார். பழம் உருளாமல் முதல் பத்து விநாடி நின்றதற்குப் பத்தொன்பது நாள் ஆனது. வலது காலைத் தூக்கினால் நின்றது, இடது காலைத் தூக்கினால் மேலும் ஒரு மாதம் உருண்டது. இப்போது ஆறு, நான்கு, இரண்டு என்று குறைத்துக்கொண்டே மூன்று சுற்று. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆவதில்லை.

ஒரு எச்சரிக்கை. படுக்கையை விட்டு எழுந்த உடனே செய்யக்கூடாது. இரவு முழுக்க வட்டு தண்ணீரை இழுத்து உப்பியிருக்கும், விடிந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதே வில்லங்கம். காலையில் பல் தேய்த்துக் குழாயடியில் கொப்பளிக்கக் குனியும்போது எத்தனை பேருக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, கேட்டுப்பாருங்கள். நான் எழுந்ததும் ஹரித்ராநதி தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் பாயை விரிப்பேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். வருடத்துக்கு இரண்டு தடவை பிடிக்கிறது. பெருவிரல் நுனியில் மரப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் பெல்ட் பரணில் கிடக்கிறது, வேலைக்கு லீவு போடுவது அபூர்வம். இந்த வகைப் பயிற்சிதான் மற்ற எல்லாப் பயிற்சியையும்விட உசத்தி என்றும் சொல்ல முடியாது. நாள்பட்ட இடுப்பு வலி பற்றிய ஆய்வுகளை 2016-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மற்ற உடற்பயிற்சிகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அக்கா மகளே சொன்னாள். எனக்கு அதில் வருத்தமில்லை. எது செய்தாலும் தொடர்ந்து செய்ய வேண்டும், அது வட்டைக் கசக்காமல் இருக்க வேண்டும். என்னால் விடாமல் செய்ய முடிந்தது இதை.

ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுபவர்களுக்காக இதையும் போடுங்கள். 1994-இல் அமெரிக்காவில், இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாதிக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு, ஏதாவது ஒரு வட்டாவது புடைத்திருந்தது. எங்கள் கடை வரிசையில் நிற்பவர்களைப் படம் எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், எனக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்துபவர் உட்பட.

அதேநேரம், சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ பயிற்சி, தைலம், பக்கத்து வீட்டு யோசனை எதுவும் வேண்டாம். அன்றைக்கே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். உங்கள் குறிப்பில் இந்த ஒரு வரி இல்லாதது படத்தைவிடப் பெரிய குறை.

பிசியோதெரபிக்குப் பணம் கட்டி யார் போவது என்று என் கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. ஊர் சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். ஒரு தடவையாவது தெரிந்தவர் ஒருவர் முன்னால் செய்து காட்டிவிட்டு, அப்புறம் வீட்டில் தனியாகச் செய்வது நல்லது. என் கடிதத்தைப் பார்த்தும் யாரும் நேராகப் பாயை விரிக்க வேண்டாம்.

அடுத்த இணைப்பில் படத்தை மாற்றிப் போடுங்கள். தவழும் நிலையில் கை காலை நீட்டிக்கொண்டிருக்கும் படம் போதும். ஜிம் உடம்போடு ஆள் தேட வேண்டாம், தொப்பையோடு ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் சம்மதமாக இருக்கிறார். புகைப்படக்காரரை அனுப்புவதானால் காலை ஏழரைக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன் நான் குனிய மாட்டேன். எலுமிச்சம்பழம் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
நியாயவிலைக் கடைக் கட்டுநர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.